'ஒய்' தட்டும் முன் ஒரு நிமிஷம், பாஸ்!

ராத்திரி பதினொன்றரை மணி. விடிஞ்சா மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ. புத்தியுள்ள யாராவது இந்த நேரத்துல லேப்டாப்பை அப்கிரேட் பண்ணுவாங்களா?

பண்ணுவாங்க. அடியேன் பண்ணினேன். அந்தக் கண்ணீர்க் கதைதான் மக்களே, இந்த வாரம்!

முதல்ல என் லேப்டாப்பைப் பத்திச் சொல்லிடறேன். அது என்னுதே இல்லை. அக்காவோடது. அவ பிளஸ் டூ படிச்சப்ப அரசாங்கம் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-ல் ஆரம்பித்த திட்டம் அது. விண்டோஸ் ஒரு பக்கம், 'பாஸ்' லினக்ஸ் இன்னொரு பக்கம்னு ரெண்டையும் போட்டுக் கொடுத்தாங்க. 'பாஸ்'னா நம்ம கேன்டீன் 'என்ன பாஸ்' இல்லீங்க. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-லிருந்து வெளியிட்டு வரும் லினக்ஸ். 'டெபியன்' என்ற பெரிய லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. ஆனா உண்மையைச் சொல்லணும்னா, எங்க வீட்டுல அந்த பாஸை யாரும் ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கலை. படம் பார்க்க விண்டோஸ் போதாதா?

வருஷங்கள் ஓடிச்சு. அக்காவுக்குக் கல்யாணமாகி வாணியம்பாடி போயிட்டா. லேப்டாப் என் கைக்கு வந்தப்ப பேட்டரி செத்துப்போய், சார்ஜர்லதான் உயிர் வாழ்ந்துட்டிருந்தது. விண்டோஸ் திறக்கிறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம். சீனியர் அண்ணன் ஒருத்தர், 'டெபியன் போட்டுப் பாருடா' என்றார். போட்டேன். டெபியன் 12, கூடவே எடை கம்மியான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். படுத்த குதிரை எழுந்து நின்னுடுச்சு. புது லேப்டாப் வாங்க வீட்டுல காசு கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில அம்மா வாங்குற சம்பளம் என் ஃபீஸுக்கே சரியாப் போயிடும். அதனால அந்தக் குதிரைதான் எனக்கு எல்லாமே.

அதைத்தான் அன்னிக்கு ராத்திரி நானே படுக்க வெச்சேன்.

அந்த ஒரு எழுத்து

எங்க ப்ராஜெக்ட், மண்ணோட ஈரத்தைப் பார்த்து செடிக்குத் தண்ணி விடுற சென்சார். எல்லாம் தயார். கிராஃப் மட்டும் கொஞ்சம் அழகா வந்தா நல்லா இருக்குமேன்னு ஒரு நப்பாசை. அதுக்கான சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு டெபியன் 12-ல் இல்லை. நெட்டில் யாரோ ஒரு புண்ணியவான், 'இந்த வரியைச் சேர்த்துட்டு அப்கிரேட் பண்ணு, வந்துடும்' என்று எழுதியிருந்தார். அந்த வரி, என்னுடையதுக்கு அடுத்த பதிப்பு டெபியனுக்கானது என்பதை நான் படிக்கலை. காப்பி. பேஸ்ட். 'ஃபுல் அப்கிரேட்'.

திரையில் எழுத்துக்கள் சரசரவென்று ஓடின. நடுவில், 'கீழ்க்கண்டவை நீக்கப்படும்' என்று ஒரு நீளமான பட்டியல். அது மேலே ஓடிப்போய் மறைந்தே விட்டது. கடைசியில் நின்றது ஒரே ஒரு கேள்வி. தொடரலாமா? ஒய்-யா, என்-னா?

நாமெல்லாம் எதையாவது படிச்சுட்டா 'அக்ரி' பண்றோம்? 'ஒய்' தட்டினேன். தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தா திரை கறுப்பு. ரீ-ஸ்டார்ட் பண்ணினா, மேலே மூலையில் வெள்ளை எழுத்தில் 'லாகின்' என்று மட்டும் மின்னுது. ஐகான் இல்லை, மவுஸ் இல்லை, வைஃபை இல்லை. மொத்த டெஸ்க்டாப்பும் போயே போச்சு!

நான் மட்டும்தான் முட்டாள்னு நினைச்சு ரெண்டு நாள் வெட்கப்பட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, இதே கூத்தை உலகமே பார்க்க ஒருத்தர் பண்ணியிருக்கார். 2021-ல் யூடியூபில் பிரபலமான 'லைனஸ் டெக் டிப்ஸ்' லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் கேம் சாஃப்ட்வேரை நிறுவப் போனார். பேக்கேஜில் இருந்த ஒரு குளறுபடியால், ஸ்டீம் வேணும்னா டெஸ்க்டாப்பையே நீக்கணும்னு கணினி சொன்னது. 'நிஜமாவே செய்யணும்னா, ஆமாம், நான் சொல்றபடி செய் என்று முழுசாக டைப் பண்ணு' என்று எச்சரிக்கையும் கொடுத்தது. டைப் பண்ணினார். டெஸ்க்டாப் காலி. அந்த வீடியோவுக்கு அப்புறம், அவ்வளவு சுலபமாக அந்த வாசலைத் தாண்ட முடியாதபடி 'ஆப்ட்' கருவியையே மாத்தினாங்க. ஆக, தப்பு பண்றவன் மேல மட்டும் தப்பு இல்லை. கேள்வி கேட்கிற விதத்திலும் இருக்கு.

கால் டு சீனியர்

பன்னிரண்டு மணிக்கு அண்ணனுக்கு போன். தூக்கக் கலக்கத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஃபைல் எதையாவது அழிச்சியா?"

"இல்லண்ணா."

"அப்ப அழாத. உன் கோட், உன் ரெக்கார்டு எல்லாம் ஹோம் ஃபோல்டர்ல பத்திரமா இருக்கும். போனது ஜன்னலும் கதவும்தான். வீடு நிக்குது."

இதை எல்லாரும் மனசுல எழுதிக்கோங்க. டெஸ்க்டாப் போனா, ஃபைலும் போச்சுன்னு அர்த்தம் இல்லை. பதறிப்போய் மொத்தத்தையும் ஃபார்மேட் பண்றவங்கதான் நிஜமாவே ஃபைலை இழக்கிறாங்க.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் செய்தது இதுதான். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டேன். 'டிஹெச்கிளையன்ட்' என்ற கமாண்டைக் கொடுத்ததும் வைஃபை இல்லாமலே நெட் வந்தது. அடுத்து, நான் சேர்த்த அந்தப் பாழாய்ப்போன வரியை நீக்கினேன். அதுக்கும் அடுத்தது, நான் கேள்வியே படாத ஒரு இடம். 'வார்' ஃபோல்டருக்குள் 'லாக்', அதுக்குள் 'ஆப்ட்', அதுக்குள் 'ஹிஸ்டரி' என்று ஒரு ஃபைல். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த கமாண்டால், எதெது வந்தது, எதெது போனது எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. ரேஷன் கடை ரிஜிஸ்டர் மாதிரி! நான் துரத்தி விட்டவர்கள் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருத்தராகத் திரும்பக் கூப்பிட்டேன். அடுத்த பதிப்பிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த சில லைப்ரரிகளைப் பழைய பதிப்புக்கு இறக்கினேன். இதில்தான் ரொம்ப நேரம் போச்சு. டெபியன் ஆட்களே இந்த மாதிரிக் கலப்படத்துக்கு 'ஃபிராங்கன்டெபியன்' என்று பேர் வெச்சு, 'வேண்டாம்பா' என்று எச்சரிக்கிறாங்க. ஃபிராங்கன்ஸ்டைன் பூதம் மாதிரி, கை ஒருத்தரோடது, கால் இன்னொருத்தரோடது.

நாலரை மணிக்கு டெஸ்க்டாப் திரும்ப வந்தது. அதே நேரத்துக்கு அம்மா எழுந்தாங்க. அவங்களுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கணும்.

அம்மா சொன்ன 'லாஸ்ட்'

"இன்னாடா, ராவெல்லாம் முழிச்சிருந்தியா?"

நடந்ததைச் சொன்னேன். ஒரு சாஃப்ட்வேர் புதுசா கேட்டேன், அது ஒரு லைப்ரரியைப் புதுசா கேட்டுது, அந்த லைப்ரரி மாறினதால அதை நம்பியிருந்த மத்ததெல்லாம் வெளியே போயிடுச்சு என்று என்னால் முடிஞ்ச மாதிரி.

அம்மா அடுப்பைப் பத்த வெச்சுக்கிட்டே கேட்டாங்க: "லாஸ்ட்டை மாத்திட்டு அப்பரை மாத்தாம இருந்தா எப்புட்றா ஷூ வரும்?"

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஷூ தைக்கிறதுக்குக் கால் வடிவத்தில் ஒரு அச்சு இருக்கும். அதுதான் 'லாஸ்ட்'. மேல்தோலை வெட்டித் தைச்சு, அந்த அச்சின் மேல் இழுத்துப் போர்த்தித்தான் ஷூவுக்கு வடிவம் கொடுப்பாங்க. அந்த மேல்தோல்தான் 'அப்பர்'. உள்ளங்காலுக்கான இன்சோல், அடியில் ஒட்டுகிற சோல் எல்லாமே அந்த லாஸ்ட்டின் அளவுக்குத்தான். லாஸ்ட்டின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் போச்சு. பழைய அளவுக்கு வெட்டின அப்பர் உட்காராது. சோல் வெளியே துருத்தும். அப்பர் மேலேயும் தப்பு இல்லை, லாஸ்ட் மேலேயும் தப்பு இல்லை. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசி வெச்சுக்கிட்ட அளவு மாறிப்போச்சு, அவ்வளவுதான்.

நாலு வருஷ டிகிரியில் ஏபிஐ-ன்னு ஒரு வார்த்தையை எனக்கு இவ்வளவு தெளிவா யாரும் சொல்லலை மக்களே! லினக்ஸில் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனியாக நிற்பது இல்லை. எழுத்துரு காட்ட ஒரு லைப்ரரி, படம் திறக்க ஒண்ணு, நெட்டில் ரகசியம் காக்க ஒண்ணு. நூறு சாஃப்ட்வேர் ஒரே லைப்ரரியை லாஸ்ட் மாதிரி நம்பி நிற்கும். இந்த நம்பிக்கைக்குத்தான் டிபென்டன்ஸி என்று பெயர். டெபியன் 13-ல் மட்டும் ஏறக்குறைய 70 ஆயிரம் பேக்கேஜ்கள். இதில் எது எதை நம்புது, எது எதோடு ஒத்துப்போகாது என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் 'ஆப்ட்' கருவியின் வேலை. பாவம், அது கணக்கைச் சரியாத்தான் போடுது. விடையை நாமதான் படிக்கிறதில்லை.

கிளம்பும்போது அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க: "எங்க கம்பெனில புது லாஸ்ட் வந்தா மொதல்ல ஒரு ஜோடி தைச்சுப் பாப்பாங்க. சரியா வந்தாத்தான் லைன்ல விடுவாங்க. நீ நேரா லைன்ல வுட்டுட்ட."

விரிஞ்சிபுரம் கல்லும் 2038-ம்

சரி, லைப்ரரியை ஏன்தான் மாத்தணும்? நல்லா ஓடிட்டு இருக்கிறதை நோண்டாம விட்டா என்ன? நியாயமான கேள்வி. அதுக்கு ஒரு நிஜ உதாரணம்.

எங்க விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு வந்திருக்கீங்களா? வந்தா, தென்பக்க உள் பிராகாரத்தில் 'நேரம் காட்டும் கல்' என்று ஒண்ணு இருக்கு, தவறாமப் பாருங்க. அரைவட்டமாக எண்கள் செதுக்கியிருக்கும். மேலே இருக்கிற பள்ளத்தில் ஒரு குச்சியை வெச்சா, நிழல் எந்த எண்ணில் விழுதோ அதுதான் மணி. சின்ன வயசுல நான் ஐஸ் குச்சியை வெச்சுப் பார்த்திருக்கேன். கல்லில் எத்தனை எண் செதுக்கினாங்களோ அவ்வளவுதான் அதால் சொல்ல முடியும்.

கம்ப்யூட்டரின் நேரமும் அப்படித்தான். யூனிக்ஸ் குடும்பத்துக் கணினிகள் 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி ஆச்சு என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை எழுதி வைக்க அந்தக் காலத்தில் ஒதுக்கின இடம் 32 பிட். அதில் அதிகபட்சம் 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம் விநாடிதான் அடங்கும். 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்ம நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு அந்த இடம் நிரம்பிடும். அடுத்த விநாடி, பழைய கணினி 1901-க்குப் போய்விட்டதாக நினைச்சுக்கும்! அப்ப நமக்கு முப்பது வயசு தாண்டியிருக்கும். காலையில் ஆபீஸ் கிளம்பிட்டிருக்கிற நேரம்.

தீர்வு சுலபம். 32-ஐ 64 ஆக்கினா 29,200 கோடி வருஷத்துக்குக் கவலை இல்லை. ஆனா இங்கேதான் அம்மாவின் லாஸ்ட் வருது. நேரத்துக்கு 4 பைட் இடம் என்று நம்பி உருவான சாஃப்ட்வேரிடம், புது லைப்ரரி 8 பைட்டைக் கொடுத்தால், பக்கத்து வீட்டு இடத்திலும் சேர்த்து எழுதிடும். கணினி கவிழும், அல்லது அதைவிட மோசமாக, கவிழாமல் தப்பான விடை தரும். அதனால் பழசும் புதுசும் ஒண்ணோடு ஒண்ணு கலக்கவே கூடாது.

டெபியனும் உபுண்டுவும் 2024-ல் இதற்கு ஒரு வழி பண்ணினாங்க. பாதிக்கப்படுகிற நூற்றுக்கணக்கான லைப்ரரி பேக்கேஜ்களின் பெயருக்குப் பின்னால் 'டி64' என்று ஒரு வால் சேர்த்து, அவற்றை நம்பின எல்லாவற்றையும் திரும்பக் கட்டினாங்க. 'லிப்-எஸ்எஸ்எல்-3' என்பது 'லிப்-எஸ்எஸ்எல்-3டி64' ஆச்சு. ஒலிக்கான 'லிப்-அசவுண்ட்-2'வும் அதே மாதிரி. இந்த மாபெரும் வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், டெபியன், உபுண்டு இரண்டிலும் பல வருஷம் உழைத்த ஸ்டீவ் லாங்காசெக். 2025 தொடக்கத்தில் அவர் காலமாகிவிட்டார். 2038-ல் அந்தச் செவ்வாய்க்கிழமை எதுவுமே நடக்காமல் போனால், யாரும் அவரை நினைக்கப் போவதில்லை. இந்தத் துறையில் நல்லா வேலை செஞ்சதுக்கு அடையாளமே அதுதான்!

இதில் வேடிக்கை என்னன்னா, நம்ம லேப்டாப் மாதிரி 64 பிட் கணினிகளில் நேரம் ஏற்கெனவே 64 பிட்தான். நமக்குப் பெயர் மட்டும்தான் மாறிச்சு. நிஜ லாபம், லேப்களில் இருக்கிற மாதிரியான 32 பிட் ஏஆர்எம் குட்டி போர்டுகளுக்கு. ஆனாலும் பெயர் மாற்றமே சிலரைப் படுத்திச்சு. உபுண்டு 24.04-ல், 'எனக்கு லிப்-அசவுண்ட்-2 வேணும்' என்று அடம்பிடித்த வெளியார் சாஃப்ட்வேர்கள் பல நிறுவ முடியாமல் நின்னுச்சு. அதே ஆள்தான்... பேரு மாத்திக்கிட்டார்! உங்களுக்கும் இந்த மாதிரி 'கிடைக்கவில்லை' என்று வந்தால், எங்கிருந்தோ பழைய பேக்கேஜைத் தேடி எடுத்துத் திணிக்காதீங்க. அந்த சாஃப்ட்வேரைப் புது உபுண்டுவுக்காகக் கட்டின பதிப்பு இருக்கான்னு பாருங்க.

அப்கிரேட் பண்ணணுமா, வேணாமா?

ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கதை சொல்றேன்.

2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்று ஓட்டை ஒண்ணு ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் தெரிய வந்தது. அந்த ஓட்டை வழியாக சர்வரின் நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டு வரைக்கும் உருவ முடியும். உடனே அப்டேட் பண்ணினவங்க தப்பிச்சாங்க. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றவர்கள் கதவைத் திறந்து போட்டுத் தூங்கின மாதிரி.

இன்னொண்ணு நேரெதிர். 2024 மார்ச். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற இன்ஜினீயர், தன் கணினியில் ரிமோட் லாகின் சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனிச்சார். அரை விநாடி! நாமா இருந்தா கொட்டாவி விட்டுட்டுப் போயிருப்போம். அவர் தோண்டிப் பார்த்தார். 'எக்ஸ்இஸட்' என்ற, ஃபைலைச் சுருக்குகிற சாதாரண லைப்ரரிக்குள், ரொம்ப நாள் நம்பிக்கை சம்பாதிச்ச ஒருத்தர் திருட்டுக் கதவு வெச்சிருந்தது அம்பலமாச்சு. அதில் சிக்கினது, சுடச்சுட வருவதையெல்லாம் உடனே வாங்குகிற சோதனைப் பதிப்புகள். டெபியனின் 'ஸ்டேபிள்' பதிப்புக்கு அது வந்தே சேரலை.

அப்ப நீதி? பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. புதுமைக்கு மட்டும் அவசரப்படாதீங்க. ஸ்டேபிள் பதிப்பில் இருந்தா இந்த ரெண்டுமே தானா நடக்கும். லைப்ரரி பதிப்பு அதேதான் இருக்கும், ஓட்டையை மட்டும் அடைச்சுக் கொடுப்பாங்க. லாஸ்ட்டை மாத்தாம தையலை மட்டும் சரி பண்ற மாதிரி. டெபியனின் சோதனைக்கூடப் பதிப்புக்கு என்ன பேர் தெரியுமா? 'சிட்'. 'டாய் ஸ்டோரி' படத்துல பொம்மைகளை உடைக்கிற பையன். பேர்லயே சொல்லிட்டாங்க!

காலேஜ் லேப் ஸ்பெஷல்: பைத்தான் தலைவலி

நம்மில் பாதிப் பேர் மாட்டுறது இங்கேதான். டெபியன் 12, இப்போதைய உபுண்டுகளில் 'பிப் இன்ஸ்டால்' என்று கொடுத்தா, 'இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று சொல்லி மறுத்துடும். உடனே நெட்டில் தேடுவோம். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் என்று பின்னால் சேர்த்துக்கோ, வேலை செய்யும்' என்பாங்க. கொஞ்சம் அந்தப் பேரைப் படிங்க பாஸ். 'சிஸ்டத்தை உடை' என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீங்க!

காரணம் இதுதான். உங்க லினக்ஸின் பல கருவிகளே பைத்தானில் எழுதப்பட்டவை. நீங்க அசைன்மென்ட்டுக்காக ஒரு பைத்தான் லைப்ரரியை மாத்தினா, அந்தக் கருவிகளின் லாஸ்ட் மாறிப்போகும். அதுக்கு 'வென்வ்' என்று தனி அறை வசதி இருக்கு. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு வென்வ் உருவாக்கி, அதுக்குள்ளே என்ன வேணா நிறுவுங்க. கெட்டுப்போச்சுன்னா அந்த ஃபோல்டரை அழிச்சுட்டு வேற ஒண்ணு. வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது.

அதே மாதிரி, லேப் மேனுவலில் 'பிரின்ட்'டுக்கு அடைப்புக்குறி இல்லாம புரோகிராம் இருந்தா, அது பைத்தான் 2. அதுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-லேயே முடிஞ்சுபோச்சு. டெபியன் 12-ல் அந்தப் பேக்கேஜே கிடையாது. அதைத் தேடி எடுத்து நிறுவுறதைவிட, புரோகிராமைத் திருத்துறது சுலபம். சார் கேட்டா பணிவாச் சொல்லிடுங்க!

கிழிச்சு ஒட்டிக்கோங்க

கமாண்டுகளை நான் தமிழில் வாயால் சொல்ற மாதிரி எழுதியிருக்கேன். டைப் பண்றப்ப ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடிங்க.

1. 'ஆப்ட் அப்டேட்' என்றால் கடையின் விலைப்பட்டியலைப் புதுசாக வாங்குறது மட்டும். எதுவும் மாறாது. 'ஆப்ட் அப்கிரேட்' என்றால் புதுப்பிக்கும், தேவைப்பட்டால் புதுசைச் சேர்க்கும். ஆனால் இருப்பதை நீக்காது. 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். தினப்படிக்கு நடுவில் இருப்பது போதும்.

2. ஒரு ஜோடி தைச்சுப் பாருங்க. கமாண்டில் 'ஆப்ட்'டுக்கு அடுத்து 'மைனஸ் எஸ்' சேர்த்தா, என்ன நடக்கும் என்று சொல்லுமே தவிர எதையும் செய்யாது. அம்மா சொன்ன சாம்பிள் இதுதான்.

3. 'நீக்கப்படும்' பட்டியலை மேலே ஸ்க்ரோல் பண்ணிப் போய்ப் படிங்க. டெஸ்க்டாப், நெட்வொர்க் சம்பந்தப்பட்ட பேர் ஒண்ணு இருந்தாலும் 'என்' தட்டுங்க. டெபியன் 13-ல் வந்திருக்கிற 'ஆப்ட் 3.0' நீக்கப்படுவதைச் சிவப்பில் காட்டுது. சிவப்பு சிக்னலில் நிற்பதுதான் அழகு.

4. வெளியார் வரிகளைச் சேர்க்கும்போது, அது எந்தப் பதிப்புக்கானது என்று பாருங்க. டெபியன் 12-ன் பேர் 'புக்வோர்ம்', 13-ன் பேர் 'டிரிக்ஸி'. பேர் பொருந்தலைன்னா தொடாதீங்க. உபுண்டுவுக்கானதை டெபியனில் போடாதீங்க.

5. ஒரு பேக்கேஜ் மாறவே கூடாதுன்னா 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' போட்டு நிறுத்தி வைக்கலாம். ஆனா மறந்துடாதீங்க. பாதுகாப்பு அப்டேட்டும் அதோடு நின்னுடும்.

6. 'ஆட்டோரிமூவ்' துடைப்பம் மாதிரி. யாரும் நம்பாத பேக்கேஜ்களைப் பெருக்கித் தள்ளும். பெருக்குறதுக்கு முன்னாடி, குப்பையில் மோதிரம் கிடக்குதான்னு பார்க்கிற மாதிரி அதன் பட்டியலையும் படிங்க.

7. நடுவில் கரன்ட் போச்சா? என் லேப்டாப் மாதிரி பேட்டரி செத்த கேஸுக்கு இது முக்கியம். மறுபடி ஆன் பண்ணி 'டிபிகேஜி மைனஸ் மைனஸ் கன்ஃபிகர் மைனஸ் ஏ' என்று கொடுங்க. பாதியில் நின்றதை முடிக்கும். மின்வாரியம் ஷட்-டவுன் அறிவிச்ச நாளில் அப்கிரேட் பக்கமே போகாதீங்க.

8. பெரிய பதிப்பு மாற்றம், அதாவது 12-லிருந்து 13, செமஸ்டர் லீவில் மட்டும். 12-ல் இருந்த 8,800-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் 13-ல் கிடையாது. நீங்க நம்பியிருக்கிறது அதில் ஒண்ணா என்று முன்னாடியே பாருங்க. வெளியீட்டுக் குறிப்பு என்று ஒண்ணு தர்றாங்க. அரை மணி நேர வேலை, படிச்சிடுங்க. ஹோம் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்த பிறகுதான் மத்ததெல்லாம்.

தமிழிலேயே லினக்ஸ் பத்திப் படிக்கணும்னா, 2012-ல் தொடங்கிய 'கணியம்' இருக்கு. சந்தேகம்னா கேட்க வெட்கப்படாதீங்க. ஆனா கேட்கிறப்ப, 'என் கம்ப்யூட்டர் போச்சு' என்று மட்டும் சொல்லாம, அந்த ஹிஸ்டரி ஃபைலின் கடைசிப் பத்து வரியையும் சேர்த்துக் கொடுங்க. டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டோட போற மாதிரி.

ரிவ்யூ என்ன ஆச்சு?

அதானே கேட்கிறீங்க? தூங்காத கண்ணோட போனேன். அழகான கிராஃப் கிடையாது. பழைய கிராஃப்தான். சென்சார் வேலை செஞ்சது, தண்ணி வந்தது. மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "இந்த போர்டு 2038-லயும் வேலை செய்யுமா?" என்று... சேச்சே, அப்படியெல்லாம் கேட்கலை! "ஏம்பா கண்ணு சிவந்திருக்கு?" என்றுதான் கேட்டாங்க. மார்க் பரவாயில்லை.

சாயங்காலம் அம்மா வந்ததும் முதல் கேள்வி: "அக்கா லேப்டாப் நல்லாருக்கா?" என் மார்க்கைக் கேட்கலை. அவங்களுக்கு அது அக்கா படிச்சு வாங்கின பொருள். நல்லாருக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் எந்த 'ஒய்'யையும் படிக்காமல் தட்டினதில்லை.

நீங்களும் தட்டாதீங்க. அடுத்த வாரம் பார்ப்போம், பாஸ்!